பெல்ட்டின் வரிப் பக்கம்

ஐந்தாவது ஸ்குறூ வரமாட்டேன் என்று நின்றது. மற்றவையெல்லாம் மரியாதையாகக் கழன்று வந்து பழைய ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் கிடந்தன. இது மட்டும் கறள் பிடித்த தலையோடு, முடிந்தால் எடுத்துப் பார் என்று பனி அள்ளும் மெசினின் மூடி மூலைக்குள் குந்தியிருந்தது. தவமலர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கையால் ஸ்குறூ டிரைவரை ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டுத் திருப்பினாள். நுனி நழுவி, மூடியில் வெள்ளையாக ஒரு கீறலை இழுத்துக்கொண்டு போனது. பின்னால், சமையலறையிலிருந்து கராஜுக்கு இறங்கும் வாசலில், சக்கர நாற்காலியில் இருந்த குகதாசன் நாக்கை அடித்தார். ச்சு. அவள் திரும்பவில்லை. திரும்பினால் அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். முகத்தின் இடதுபக்கம் ‘உமக்கு உது சரிவராது’ என்று சொல்லும், வலதுபக்கம் ஒன்றுமே சொல்லாது. ஐப்பசியில் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையைக் கொண்டுபோனது, வலது காலைக் கொண்டுபோனது, வாயிலிருந்த அத்தனை தமிழையும் அத்தனை இங்கிலிஷையும் வழித்துத் துடைத்துக் கொண்டுபோனது. இந்த ஒரு சத்தத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போனது என்று அவளுக்கு விளங்கவில்லை. கொண்டுபோயிருந்தால் இதையல்லவா முதலில் கொண்டுபோயிருக்கவேண்டும். ச்சு. பால் பொங்கினால் ச்சு, சப்பாத்தைக் கழற்றி இடம் மாறி வைத்தால் ச்சு, காரை ஒழுங்காக நிறுத்தாவிட்டால் ச்சு. முப்பது வருசமாகக் கேட்ட சத்தம். முன்பெல்லாம் அதற்குப் பிறகு ஒரு வசனம் வரும். இப்போது வசனம் வருவதில்லை, அவளே அதை மனதுக்குள் சொல்லி முடிக்கவேண்டியிருக்கிறது. அதுதான் கூடக் களைப்பு.

மெசின் கராஜ் தரையில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது, ஊசி போடக் கிடத்திய மாடு மாதிரி. காலையில் வயரைச் செருகி விசையை அமத்தியபோது மோட்டர் நன்றாகத்தான் உறுமியது. முன்னால் பனியை அள்ளி எறிகிற தகடுகள்தான் சுற்றவில்லை. உறுமுகிறது, சுற்றவில்லை. சத்தம் இருக்கிறது, வேலை இல்லை. வெளியில் விடிய விடியக் கொட்டியது முழங்கால் அளவுக்கு நின்றது. அது போதாதென்று நகரசபையின் பெரிய வண்டி வந்து, வீதியில் இருந்ததையெல்லாம் வழித்து அவர்களுடைய வாசலில் அணை கட்டிவிட்டுப் போயிருந்தது. அவரைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிற வான் பத்தரைக்கு வரும். போன கிழமை வந்த வான்காரன் நாற்காலியைத் தள்ள வழியில்லை என்று இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்விட்டான். அதற்கு முதல் கிழமையும் அப்படித்தான். இன்னொரு தரம் வராவிட்டால் இடத்தை வேறு நோயாளிக்குக் கொடுக்கவேண்டி வரும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் சொல்லியிருந்தார்கள். சிரித்த முகத்தோடு, கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு நல்ல சேதி சொல்வது போலச் சொன்னார்கள். சவளால் அள்ளிப் பார்க்கவும் செய்தாள். அவரைக் கட்டிலிலிருந்து தூக்கித் தூக்கி வலது தோள் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. ஆறாவது அள்ளலில் தோளுக்குள் ஏதோ சுண்டி இழுக்க, சவளைப் பனிக்குள்ளேயே நட்டுவிட்டு உள்ளே வந்தாள். மெசின்தான். மெசினைத் திருத்தினால் வழி, வழி இருந்தால் வான், வான் வந்தால் பயிற்சி, பயிற்சி நடந்தால் என்றைக்கோ ஒருநாள் பேச்சு. எல்லாம் போய் இந்த ஒரு கறள் பிடித்த தலையில் வந்து நிற்கிறது.

கைத்தொலைபேசி அடித்தது. மகன் ஆரூரன், கல்கரியிலிருந்து. “அம்மா, ஏன் மூச்சு வாங்குறியள்?” “மெசின் கழட்டுறன்.” “என்ன மெசின்?” “ஸ்நோ மெசின். பெல்ட் அறுந்துபோச்சுப் போல.” “ஆளைப் பிடிச்சு அள்ளுவியுங்கோ அம்மா, ஏன் உதோட மினக்கெடுறியள்? அப்பாவுக்குத்தான் உந்த விசர்.” அப்பாவுக்குத்தான். அவன் சொன்னதில் பிழையில்லை. அவள் இதைத் தொட்டதே கிடையாது. தொட விட்டால்தானே. இந்த வீட்டில் பல்ப் மாற்றுவதற்குக்கூட அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும்தான். ‘விடும் தவம், உமக்கு உது விளங்காது. அந்தக் குறடை எடும். அது இல்லை, மற்றது. ச்சு.’ எது குறடு, எது ஸ்பானர், எதற்கு எது என்று ஒருநாளாவது சொல்லித் தந்திருந்தால் இன்றைக்கு இப்படி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து இழுத்துக்கொண்டிருக்கமாட்டாள். “ஆள் பிடிச்சனான். எல்லா வீட்டுக்கும் பனிதானே கொட்டினது, பின்னேரந்தான் வருவினமாம்” என்றாள். “அப்ப பின்னேரம் வரட்டுமே.” “பத்தரைக்கு வான்.” “ஒரு நாள் போகாட்டி என்னம்மா?” ஒரு நாள் இல்லை, மூன்றாவது நாள் என்று சொல்லவேண்டும், அதைச் சொன்னால் ஏன் முன்பே சொல்லவில்லை என்பான், சொன்னால் மட்டும் அங்கேயிருந்து பறந்து வந்து அள்ளியிருப்பாயோ என்று இவள் கேட்பாள், பிறகு இரண்டு பேரும் பின்னேரம் வரைக்கும் மனதில் வைத்துக்கொண்டு திரியவேண்டும். “கை எல்லாம் ஊத்தை, பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிட்டாள். ச்சு, என்றார் வாசலில் இருந்தவர். மகனுக்கா, அவளுக்கா, மெசினுக்கா, தெரியவில்லை.

உப்பு. அது வந்துவிட்டது. இப்படிக் குனிந்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற நேரத்தில்தான் அது வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை இடியப்பமும் சொதியும். அவர் முதல் வாயை வைத்துவிட்டு நாக்கை அடித்தார், பிறகு சொன்னார்: “சொதிக்கு உப்புக் கூடிப்போச்சு.” அவள் கோபத்தில் உப்புப் போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைக்கத் திரும்பினாள். திரும்பி வந்தபோது கரண்டி மேசைக்குக் கீழே கிடந்தது, வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதுதான் அவர் பேசிய கடைசி வசனம். ஒரு மனிசன் தன் பெண்சாதிக்குச் சொன்ன கடைசி வசனம் சொதிக்கு உப்புக் கூட. நல்லது, அதைக்கூடப் பொறுக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து உடுப்பெடுக்க வீட்டுக்கு வந்தபோது சொதி அப்படியே அடுப்பில் இருந்தது, அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு அளவாகத்தான் இருந்தது. யாரிடம் சொல்ல? இதை யாரிடம் சொன்னாலும் விசர் என்பார்கள், ஒரு ஆள் விழுந்து கிடக்கிற நேரத்தில் உப்புப் பார்த்தாளாம் என்பார்கள். ஆனால் உப்பு அளவு. அவர் சொன்னது சரியில்லை. அதை அவருக்குச் சொல்லி, அவர் இல்லை என்று சொல்லி, இவள் ஓம் என்று சொல்லி முடித்திருக்கவேண்டிய சண்டை ஒன்று நாலு மாசமாக அந்தரத்தில் நிற்கிறது. அவள் குறட்டால் ஸ்குறூவின் தலையைக் கவ்வி, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். கிறீச் என்றது. ஒரு மயிரளவு அசைந்தது. பிறகு வந்தது, முனகிக்கொண்டு, சுற்றுச் சுற்றாக.

மூடியைத் தூக்கியபோது கறுப்புப் பொடியும் ரப்பர் நாரும் கொட்டின. பெல்ட் அறுந்துதான் இருந்தது, இரண்டு துண்டாக, செத்த பாம்பு மாதிரி. அவள் ஊகித்தது சரி என்ற சந்தோசம் ஒரு விநாடி வந்தது. திரும்பி அவரைப் பார்த்து, “பாத்தீங்களோ, நான் சொன்னனான்” என்றாள். அவர் இடது கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். ஆணியில் புது பெல்ட், உறை கிழிக்காமல், உறையில் இதே மெசினின் படத்தோடு தொங்கியது. போன வருசமே வாங்கி வைத்திருக்கிறார், தேயுமென்று தெரிந்து. சந்தோசம் போய்விட்டது. எல்லாம் முன்கூட்டித் தெரிந்த மனிசன், தான் விழப்போவதைத் தவிர. உறையைப் பல்லால் கிழித்தாள். மோட்டரின் முனையில் சின்னக் கப்பி, தகட்டின் முனையில் பெரிய கப்பி, நடுவில் சுருள் கம்பியில் ஆடுகிற இன்னொன்று. பெல்ட்டின் ஒரு பக்கம் வழுவழுவென்று இருந்தது, மற்றப் பக்கம் நீட்டு நீட்டாக வரி. சின்னதில் மாட்டிப் பெரியதுக்கு இழுத்தால் சின்னதில் கழன்றது. பெரியதில் மாட்டிச் சின்னதுக்கு இழுத்தால் சுருள் கம்பி விரலைக் கடித்தது. ச்சு. ஒரு கையால் நடுக் கப்பியைத் தள்ளிப் பிடித்து, மற்றக் கையால் இழுத்து, மூன்றாவது கை இருந்தால் நல்லது, அந்த வாசலில் ஒரு கை சும்மாதான் இருக்கிறது, அது நாற்காலியின் பிடியில் டக் டக் என்று தட்டிக்கொண்டிருக்கிறது. ச்சு. ச்சு. கடைசியில் பெல்ட் ஏறியது. மூடியை வைக்காமலே மெசினை நிமிர்த்தி, வயரைச் செருகி, விசையை அமத்தினாள். தகடுகள் அரைச் சுற்றுச் சுற்றின, நின்றன. மோட்டர் கத்தியது. ரப்பர் எரிகிற மணம் வந்தது. ச்சு! ச்சு! டக் டக் டக்.

“என்னப்பா?” என்று கத்தினாள். கையிலிருந்த குறடு எங்கேயோ போய் விழுந்தது. “என்ன வேணும் உங்களுக்கு? முப்பது வருசமா ச்சு, ச்சு. பல்லியைக் கட்டின மாதிரி! நான் செய்யிறது ஒண்டாவது சரியோ? ஒண்டு? உப்புக் கூடேல்லை, தெரியுமோ? நான் பாத்தனான். உப்பு அளவு. அளவு!” அவர் நாக்கை அடிக்கவில்லை. இடது கண் அவளையே பார்த்தது, வலது கண் கொஞ்சம் பிந்திப் பார்த்தது. அவள் மூன்று படிகளையும் ஏறிப் போய், நாற்காலியின் பிரேக்கை எடுத்து, அவரைச் சமையலறைக்குள் பின்னால் தள்ளி, மறுபடி பிரேக்கைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். மெல்லச் சாத்தவில்லை. சாத்தின சத்தத்தில் ஆணியில் தொங்கிய வாளி ஆடியது.

அமைதி. என்ன நல்ல அமைதி. மெசினையும் அவளையும் தவிர ஒருவருமில்லை. மறுபடி சரித்தாள், பெல்ட்டைக் கழற்றினாள், இழுத்துப் பார்த்தாள், அதே மாதிரித் திருப்பிப் போட்டாள். வேறு எப்படிப் போடுவது? நிமிர்த்தி விசையை அமத்தினாள். அரைச் சுற்று, கத்தல், மணம். மறுபடி. மூன்றாவது தரம் குனியும்போது அமைதி வேறு மாதிரி ஆகத் தொடங்கியது. கதவுக்குப் பின்னால் ஒரு அசுமாத்தமும் இல்லை. தட்டல் இல்லை, இருமல் இல்லை. கோபம் வந்தால் இரத்த அழுத்தம் ஏறும், ஏறவிடக்கூடாது என்று டொக்டர் சொன்னவர். இரண்டாவது தரம் வந்தால் முதல் தரம் மாதிரி இருக்காது என்றும் சொன்னவர். நாற்காலி சரிந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். மெசின் கத்தும்போது சரிந்திருந்தால்? போய்ப் பார்க்கலாம். போய்க் கதவைத் திறந்தால் அவர் அங்கே சும்மா இருப்பார், இவளைப் பார்ப்பார், நாக்கை அடிப்பார், அவள் தோற்றுப்போவாள். இல்லாவிட்டால் அவர் அங்கே தலை தொங்கி இருப்பார், அப்போது கடைசி வசனம் இவளுடையது ஆகிவிடும். அளவு. உப்பு அளவு என்று கத்திக் கதவைச் சாத்தினவள். அவள் எழும்பவில்லை. எழும்பவேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கை தன்பாட்டுக்கு பெல்ட்டை இழுத்து, வழுவழுப்பான பக்கத்தைச் சின்னக் கப்பியில் வைத்து அமத்தி, விசையை இன்னொரு தரம் தட்டினாள். மெசின் கத்தியது. அந்தக் கத்தலுக்கு மேலே, கதவுக்குப் பின்னாலிருந்து, கரகரத்து, உடைந்து, ஆனால் தெளிவாக ஒரு குரல் வந்தது.

“பிழை!”

விசையை விட்டாள். மோட்டர் ஓயும்வரைக்கும் அசையாமல் நின்றாள். வானொலியாக இருக்கலாம். வானொலி போடவில்லை. படியில் ஏறியபோது கால் தடக்கியது. கதவைத் திறந்தாள். அவர் நாற்காலியை இடது காலால் உந்தி உந்தி, பிரேக் போட்டபடியே, தரையில் கறுப்புக் கோடு விழக் கதவடிக்கு வந்திருந்தார். முகம் சிவந்திருந்தது, வாயோரம் எச்சில். நாலு மாசமாக அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெட்டை கோப்பைப் படம் காட்டினாள், நாய்ப் படம் காட்டினாள், சாவிப் படம் காட்டினாள். வீட்டில் உங்கள் பாசையில் அவருடைய பெயரை, உங்கள் பெயரை, மகன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழக்குங்கோ என்றாள். இவள் சாமிப் படத்துக்கு முன்னால் இருத்திச் சொல்லிப் பார்த்தாள், அவருக்கு விருப்பமான பழைய பாட்டுப் போட்டுப் பார்த்தாள், மகனை வீடியோவில் அப்பா என்று கூப்பிட வைத்தாள். ஒன்றுக்கும் திறக்காத வாய். கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் இருபத்தைந்து வருசம் மேசைக்கு வருகிற துண்டுகளைத் தூக்கிப் பார்த்து, சரி, சரி, பிழை என்று ஒதுக்கிப் போட்ட மனிசன். எங்கே தேடினாலும் கிடைக்காத பேச்சு அந்த ஒதுக்கிப் போட்ட கூடைக்குள்ளா கிடந்தது? “என்ன சொன்னீங்கள்?” என்று முழங்காலில் நின்று கேட்டாள். “இன்னொருக்காச் சொல்லுங்கோ. பிழையோ? எது பிழை?” அவர் வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி திறந்தார். “சொல்லுங்கோ, பி…” கண்ணில் தண்ணீர் நின்றது அவருக்கு, நாக்கு மேலே போய்த் தடுமாறிக் கீழே வந்தது. வரவில்லை. “சொன்னீங்கள் தானே! இப்ப சொன்னீங்கள் தானே!” தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது, உலுக்காமல் இருப்பதற்காகத் தன் கையையே பிடித்துக்கொண்டாள். கேட்டால் வராது போல. கேட்கிற ஒன்றும் வராது.

அவர் கையைக் கொண்டுபோய் அவள் உள்ளங்கையைப் புரட்டினார். இடது கை, பழக்கமில்லாத கை. ஒரு தரம் புரட்டினார், பிறகு மறுபடியும் புரட்டினார். அவள் தன் கையைப் பார்த்தாள், கராஜுக்குள் சரிந்து கிடந்த மெசினைப் பார்த்தாள். பெல்ட்டைத் திருப்பவேண்டும். வரிப் பக்கம் உள்ளுக்கு. சின்னக் கப்பியிலும் அதே மாதிரி நீட்டு நீட்டாக வரி இருக்கிறது, அதோடு இது பொருந்தவேண்டும். அதுதான். இவ்வளவு நேரம் அந்த ச்சு எல்லாம் அதுதான். அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இதை ஒரு சின்னப்பிள்ளை கண்டுபிடித்திருக்கும், இவள் கண்டுபிடிக்கவில்லை, அவர் கண்டுபிடித்துவிட்டார், அவர் சரி, அவர் எப்போதும் சரி. இறங்கிப் போய்ப் பெல்ட்டைப் புரட்டி மாட்டினாள். ஒரே தரத்தில் ஏறி உட்கார்ந்தது. விசையை அமத்தினாள். தகடுகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், அது தெரிந்ததுதானே.

மூடியைப் போட்டு, ஸ்குறூக்களை முறுக்கி, அவருக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டி முன்னறை யன்னலடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அவள் வெளியில் வந்தபோது வான் ஏற்கெனவே நின்றது. வான்காரர் ஹர்தீப் கண்ணாடியை இறக்கி, “மேடம், இன்றைக்கும் இப்படியே?” என்று இங்கிலிஷில் கேட்டார். “அஞ்சு நிமிசம், அஞ்சே நிமிசம்” என்று அவளும் தனக்கு வந்த இங்கிலிஷில் கத்திவிட்டு மெசினைத் தள்ளினாள். பனி வில் மாதிரி வளைந்து புல்வெளிப் பக்கம் போய் விழுந்தது. என்ன லேசாகப் போகிறது. இதற்கா இவ்வளவு காலம் ‘உமக்கு விளங்காது’? நாற்காலி அகலத்துக்கு ஒரு பாதை, வாசலிலிருந்து வீதி வரைக்கும், கறுப்பாகத் தார் தெரிய. அணையையும் அறுத்துவிட்டாள். இனி அவரை இறக்கிக்கொண்டு வந்தால் சரி. திரும்பி யன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் தொப்பியும் முகமும், ஒன்றுமே சொல்லாத முகம். சரியான வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம். அங்கே போனால் கோப்பை, நாய், சாவி. பிழைக்குத்தான் திறந்த வாய். மெசின் காலடியில் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு, பனி விழுகிற திசையைத் திருப்புகிற பிடியைப் பிடித்து, புல்வெளியைப் பார்த்து நின்ற, பனி வெளியேறும் குழாயை வீட்டுப் பக்கமாகச் சுற்றிவிட்டு, ஒதுக்காமல் கிடந்த பனிக்குள் மெசினைத் தள்ளினாள். பனி எழும்பிப் போய், அவள் இப்போதுதான் துப்புரவாக்கிய பாதையின் நடுவில் பொத்துப் பொத்தென்று விழுந்தது. வீதியில் ஹர்தீப் இரண்டு கையையும் விரித்தார். ஹோர்ன் அடித்தார். அவள் யன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய இடது கை கண்ணாடியில் அறைந்தது. தலை முன்னுக்கு வந்தது. ‘ப’ சொல்லுவதற்கு முதலில் உதடு இரண்டும் ஒட்டவேண்டும் என்று அந்தப் பெட்டை முகம் பார்க்கும் கண்ணாடி பிடித்து எத்தனை நாள் காட்டியிருப்பாள். கோணலாக, நடுங்கிக்கொண்டு, மேலுதடும் கீழுதடும் ஒட்டின. ஒட்டி, வெடித்தன. கண்ணாடியில் வட்டமாக ஆவி படர்ந்தது. தவமலர் பிடியை இன்னும் கொஞ்சம் வீட்டுப் பக்கமாகத் திருப்பினாள்.